அளவெடுக்கும்போது கேட்ட கேள்விகள்: மார்பக நலம் பற்றி அடிக்கடி வரும் சந்தேகங்கள்

குடியாத்தத்தில் 21 வருடமாக ஜாக்கெட் தைக்கிறேன். டேப்பை மார்பைச் சுற்றிக் கொண்டுபோகும் அந்த அரை நிமிடத்தில்தான் பெண்கள் வாய் திறப்பார்கள். அம்மாவிடம் கேட்காததை, புருஷனிடம் சொல்லாததை, டாக்டரிடம் போகக் கூச்சப்படுவதை என்னிடம் மெல்லக் கேட்பார்கள். எனக்குத் தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லக் கூடாது என்று, அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கேள்விகளை எழுதிவைப்பேன். ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மா என் வாடிக்கையாளர். அவரிடமும், அவர் மூலமாக ஒரு லேடி டாக்டரிடமும் கேட்டுக்கேட்டுச் சேர்த்த பதில்கள் இவை.

என் பெரியம்மா மார்பில் இருந்த கட்டியை ஒரு வருடம் யாருக்கும் காட்டவில்லை. "வலிக்கவே இல்லடி, அப்புறம் எதுக்கு ஆஸ்பத்திரி?" என்றாள். வலித்தால் பயப்படுகிறோம், வலிக்காவிட்டால் விட்டுவிடுகிறோம். மார்பு விஷயத்தில் இது தலைகீழ். அந்த ஒன்றுக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

அக்கா, ஒரு பக்கம் பெருசா ஒரு பக்கம் சின்னதா கீது. ஏதாவது கோளாறா?

இல்லை. நான் அளவெடுத்ததில் இரண்டு பக்கமும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தவர்கள் குறைவு. பிடிப்புத் தையலை ஒரு பக்கம் கால் அங்குலம் கூட்டி வைப்பது எனக்கு அன்றாட வேலை. பலருக்கு இடது பக்கம் சற்றுப் பெரிதாக இருக்கும். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தில் சின்னச் சின்ன மொட்டுகள் இருப்பதும், அங்கே இரண்டொரு முடி இருப்பதும் இயல்புதான்.

இத்தனை வருடம் ஒரு மாதிரி இருந்து இப்போது திடீரென்று ஒரு பக்கம் மட்டும் வீங்கினாலோ சுருங்கினாலோ, அதைக் காட்ட வேண்டும். பிறவியிலேயே உள்வாங்கிய காம்பால் ஆபத்தில்லை. நேற்றுவரை வெளியே இருந்த காம்பு உள்ளே போனால் உடனே காட்டுங்கள்.

பீரியட்ஸ் வர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடி ரெண்டும் கல்லு மாதிரி ஆயி வலிக்குது. கேன்சரா இருக்குமோ?

இந்தக் கேள்வி வராத வாரமே இல்லை. மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் ஹார்மோன் ஏற்ற இறக்கத்தால் மார்பில் நீர் கோத்துக் கனக்கும், தொட்டாலே வலிக்கும், அக்குள் வரை இழுக்கும். தீட்டு வந்ததும் இறங்கிவிடும். இரண்டு பக்கமும் வலித்து, மாதாமாதம் ஒரே நாட்களில் வந்து போகிறது என்றால் அது பெரும்பாலும் இந்த வலிதான். வலியை மட்டும் அறிகுறியாகக் கொண்டு புற்றுநோய் வருவது குறைவு.

ஒரு காலண்டரில் வலிக்கும் நாட்களைப் புள்ளி வைத்து இரண்டு மூன்று மாதம் பாருங்கள். டாக்டரிடம் போனாலும் அவர் முதலில் அதைத்தான் கேட்பார். அந்த நாட்களில் மார்பை நன்றாகத் தாங்கும் பாடி போடுவதே பாதி மருந்து. தாங்க முடியாவிட்டால் என்ன மாத்திரை, என்ன ஜெல் என்று டாக்டரைக் கேளுங்கள். ஒரே இடத்தில், ஒரு பக்கம் மட்டும், தீட்டு வந்த பிறகும் விடாமல் வலித்தால் காட்டிவிடுங்கள்.

ஷூ கம்பெனியில நாள் பூரா குனிஞ்சு மெஷின் ஓட்டுறேன். இடது மார்புக்குள்ள சுருக்குனு குத்துது. அதுவும் இதேதானா?

பேரணாம்பட்டு, ஆம்பூர் பக்கமிருந்து வரும் பெண்கள் கேட்பது. எனக்கே இருந்தது. மார்பை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, அடியிலுள்ள விலா எலும்பை விரல்நுனியால் அழுத்திப் பாருங்கள். "ஆங், அங்கதான்!" என்று எலும்பின் மேல் வலி தெரிந்தால், அது பெரும்பாலும் மார்பின் வலியில்லை. நடுநெஞ்செலும்போடு விலா சேரும் இடத்திலோ தசையிலோ உள்ள வலி. குனிந்தே இருப்பதாலும், தோலும் கட்டையும் தூக்குவதாலும் வரும். மணிக்கு ஒருமுறை எழுந்து கையைப் பின்னால் கட்டி நெஞ்சை விரித்து நில்லுங்கள். நாற்காலி உயரத்தையும் சரி செய்து பாருங்கள்.

நெஞ்சை இறுக்கிப் பிடித்து, வியர்த்து, வலி கைக்கோ தாடைக்கோ ஏறினால் இந்தச் சோதனையெல்லாம் வேண்டாம். 108க்குக் கூப்பிடுங்கள். பெண்களுக்கும் மாரடைப்பு வரும்.

எனக்கு 34 தாங்க சைஸ். கல்யாணத்துல இருந்து அதான் வாங்குறேன். அப்புறம் ஏன் தோள்பட்டை அறுக்குது?

கல்யாணத்தில் எடுத்த ஜாக்கெட் இப்போது ஏறுகிறதா? இல்லையே! பாடி மட்டும் எப்படி அதே அளவு இருக்கும்? பிள்ளை பெற்ற பிறகு, எடை ஏறி இறங்கிய பிறகு, மாதவிடாய் நின்ற பிறகு என்று ஒவ்வொரு கட்டத்திலும் அளவு மாறும்.

மூச்சை வெளியே விட்டு, மார்புக்கு நேர் கீழே டேப்பைச் சுற்றி ஓர் அளவு. மார்பின் மேடான இடத்தில் தளர்வாக இன்னோர் அளவு. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் அளவுப் பட்டியலைப் பாருங்கள். எண்ணை மட்டும் சொல்லி வாங்காதீர்கள், கப் எழுத்தையும் கேளுங்கள். பாரத்தைத் தாங்க வேண்டியது சுற்றுப்பட்டைதான், தோள்வார் இல்லை. பட்டைக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும். முதுகுப்பக்கம் மேலே ஏறினால் பட்டை பெரிது. தோளில் பள்ளம் விழுந்தாலும் காரணம் பெரும்பாலும் அதுதான். கப்பின் மேலே சதை பிதுங்கினால் கப் சின்னது. புதிதாக வாங்கும்போது வெளிக் கொக்கியில் சரியாக இருக்க வேண்டும். துவைத்துத் துவைத்துத் தளர்ந்த பிறகு உள்கொக்கிக்குப் போகலாம்.

கறுப்பு பாடி போட்டா, கம்பி வெச்சது போட்டா, ராத்திரி கழட்டாம படுத்தா கேன்சர் வரும்னு வாட்ஸப்புல வந்துச்சே?

மூன்றும் பொய். துணியின் நிறமோ கம்பியோ புற்றுநோய் தராது. அளவு தப்பான கம்பி குத்திப் புண்ணாக்கும், அவ்வளவுதான். ராத்திரி போட்டுக்கொள்வதும் கழற்றிவிடுவதும் உங்கள் சௌகரியம். நம்ம ஊர் மே மாதத்தில் கழற்றிவிட்டுக் காற்றாட விடுவதே சுகம்.

பஸ்ல போறப்ப பர்ஸும் செல்போனும் ஜாக்கெட்டுக்குள்ளதான் வெப்பேன். செல்போன் கதிர் மார்பைத் தாக்குமா?

அப்படி மார்பகப் புற்றுநோய் வருகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. ஆனால் சில்லறை நிரம்பிய பர்ஸ் ஒரே இடத்தில் உரசிக் கன்றிப்போன தோலையும், சூடான போன் வியர்வையோடு ஒட்டி வேர்க்குருவாகிக் கிடப்பதையும் அளவெடுக்கும்போது பார்க்கிறேன். கேட்டால் பாவாடையில் உள்பை வைத்துத் தருகிறேன். தையற்காரர் யாரிடம் கேட்டாலும் செய்வார்.

கத்திரி வெயில்ல மார்புக்கு அடியில செவந்து புண்ணாவுது. பவுடர் போட்டும் போவல.

வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அதற்கு முந்தைய பதினைந்து நாள் எனக்குத் தையல் குவியும், வெயிலும் உச்சியில் நிற்கும், இந்தக் கேள்வியும் அப்போதுதான் வரிசையில் வரும். தோலும் தோலும் ஒட்டும் மடிப்பில் வியர்வை தங்கி, உரசி, அதன்மேல் காளான் தொற்று ஏறிவிடுகிறது. ஈரத்தில் பவுடர் போட்டால் மாவு மாதிரி திரண்டு இன்னும் அரிக்கும்.

குளித்ததும் மடிப்பைத் தூக்கி ஒற்றித் துடையுங்கள், தேய்க்க வேண்டாம். மின்விசிறிக் காற்றில் முழுக்க உலர்ந்த பிறகு பருத்தி பாடி போடுங்கள். வேலைக்குப் போகிறவர்கள் மாற்று பாடி ஒன்றைப் பையில் வைத்திருந்து மதியம் மாற்றினால் பெரிய வித்தியாசம் தெரியும். பழைய மல் துணியைக் கைக்குட்டை அகலத்துக்கு மடித்து மடிப்புக்குள் வைப்பதும் உதவும், நனைந்தால் மாற்ற வேண்டும். சிவப்பு படர்ந்து ஓரத்தில் புள்ளிகள் வந்தால் காளானுக்கான களிம்பு வேண்டும். மெடிக்கலில் "அரிப்பு க்ரீம்" என்று கேட்டு ஸ்டீராய்டு கலந்ததைப் பூசாதீர்கள். முதல் இரண்டு நாள் நன்றாக இருக்கும், பிறகு படரும். திரும்பத் திரும்ப வந்தால் சர்க்கரை பார்த்துவிடுங்கள். என் வாடிக்கையாளர் ஒருவருக்குச் சர்க்கரை இருப்பதே இந்தப் புண்ணால்தான் தெரிந்தது.

எம் பொண்ணுக்கு 9 வயசு. ஒரு பக்கம் மட்டும் காம்புக்கு அடியில கட்டி மாதிரி கீது, தொட்டா வலிங்கிறா.

பயப்படாதீர்கள், வயதுக்கு வரும் முன் மார்பு மொட்டு விடுவது அப்படித்தான். பொதுவாக 8 வயதிலிருந்து 13 வயதுக்குள் தொடங்கும். ஒரு பக்கம் முதலில், மறுபக்கம் சில மாதம் கழித்து வருவதும் சகஜம். அமுக்கிப் பார்ப்பதும் வெட்டி எடுப்பதும் கூடவே கூடாது. அந்த மொட்டை எடுத்துவிட்டால் பிறகு மார்பு வளராது. 8 வயதுக்கு முன்பே தொடங்கினால் டாக்டரிடம் காட்டுங்கள். பிள்ளையை உட்காரவைத்து, "இது எல்லாருக்கும் வர்றதுதாம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். என் காலத்தில் யாரும் சொல்லவில்லை, ஆறு மாதம் கூன் போட்டே நடந்தேன்.

பொறந்த கொழந்தைக்கு மார்பு வீங்கிகீது. பாட்டி பிதுக்கிப் பால் எடுக்கணும்ங்கிறாங்க.

வேண்டாம். கையைக் கூட வைக்க வேண்டாம். தாயின் ஹார்மோன் குழந்தையின் உடம்பில் மிச்சம் இருப்பதால் ஆணுக்கும் பெண்ணுக்கும் அப்படி வீங்கும், சில துளி பாலும் வரும். தானே வற்றிவிடும். பிதுக்கினால் கிருமி ஏறிச் சீழ் கட்டும். பாட்டியிடம் மரியாதையாக, ஆனால் உறுதியாகச் சொல்லுங்கள்.

பால் கட்டிக்கிச்சு, கல்லாட்டம் கீது. மல்லிப்பூ வெச்சுக் கட்டலாமா?

பால் கொடுக்கிற தாய் என்றால் கட்டாதீர்கள். மல்லிப்பூ பாலை வற்றவைக்கத்தான் நம் பக்கம் கட்டுவார்கள், அது வெறும் நம்பிக்கையும் இல்லை. நம் வேலூர் சி.எம்.சி. டாக்டர்களே இதைச் சோதித்து 1988ல் மருத்துவ இதழில் வெளியிட்டிருக்கிறார்கள். பால் வற்றக் கொடுக்கும் மாத்திரையையும் மார்பில் கட்டிய மல்லிப்பூவையும் ஒப்பிட்டார்கள். இரண்டுமே பால் சுரக்கும் ஹார்மோனைக் குறைத்தன. மாத்திரை கூடுதலாகக் குறைத்தது, ஆனால் கட்டு குறைந்ததிலும் வலி தணிந்ததிலும் இரண்டும் சமமாகவே இருந்தன. பாட்டிமார் சொன்னது சரிதான். அதனால்தான் ஊட்டுகிறவர்களுக்கு வேண்டாம் என்கிறேன். பிள்ளையை இழந்த தாய்க்கோ பால் நிறுத்துகிறவருக்கோ அது உதவும்.

ஊட்டுகிறவர் அடிக்கடி ஊட்ட வேண்டும். காம்பு மட்டும் இல்லாமல் கருவட்டமும் குழந்தையின் வாய்க்குள் போக வேண்டும். மார்பு இறுகி அது பிடிக்க முடியாவிட்டால், கையால் கொஞ்சம் பீய்ச்சி இளக்கிவிட்டுக் கொடுங்கள். ஊட்டி முடித்ததும் ஈரத்துணியால் குளிர் ஒத்தடம். அழுத்தி உருவக் கூடாது, உள்ளே இன்னும் வீங்கும். ஒரு பக்கம் சிவந்து, குளிர்ஜுரம் வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். அப்போதும் அந்தப் பக்கம் ஊட்டலாம், பால் கெட்டுப்போகாது.

பால் குடுத்ததாலதான் தொங்கிப்போச்சு. எடுப்பாக்க எண்ணெய் விக்கிறாங்களே?

பால் கொடுத்ததால் இல்லை. கர்ப்பங்கள், வயது, எடை ஏறி இறங்குவது, இவைதான் காரணம். எந்த எண்ணெயும் க்ரீமும் தூக்கி நிறுத்தாது, காசை வீணாக்காதீர்கள். பால் கொடுத்தவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு கொஞ்சம் குறைகிறது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

நாமளே தடவிப் பாக்கணும்ங்கிறாங்க. எனக்கு எல்லாமே கட்டியாத்தான் தெரியுது!

முதல் மாதம் அப்படித்தான் இருக்கும். மார்பு இயல்பிலேயே ஊறின பருப்பைத் துணியில் முடிந்தது போல நொறுநொறுவென்று இருக்கும். உங்கள் மார்பின் வழக்கம் என்ன என்று விரலுக்குப் பழகிவிட்டால், புதிதாக ஒன்று வந்தால் தட்டுப்படும். துணியைத் தடவும்போது உள்பக்கம் விழுந்த நூல்முடிச்சு என் விரலுக்குத் தெரிவதும் பழக்கத்தால்தான்.

தீட்டு வந்த 7ஆம் நாளிலிருந்து 10ஆம் நாளுக்குள் பாருங்கள், அப்போது கனம் இறங்கியிருக்கும். தீட்டு நின்றவர்கள் அமாவாசைக்கு அமாவாசை என்று வைத்துக்கொள்ளலாம். முதலில் கண்ணாடி முன் கையைத் தூக்கியும் இடுப்பில் ஊன்றியும் பாருங்கள். குழி விழுகிறதா, சாத்துக்குடித் தோல் மாதிரி புள்ளி புள்ளியாகத் தடித்திருக்கிறதா, காம்பு ஒரு பக்கம் இழுக்கிறதா? பிறகு குளிக்கும்போது சோப்பு நுரையோடு, நடு மூன்று விரல்களைத் தட்டையாக வைத்துச் சின்னச் சின்ன வட்டமாகத் தடவுங்கள். காறை எலும்பிலிருந்து மார்பின் அடிக்கோடு வரை, நடுநெஞ்சிலிருந்து அக்குள் வரை. அக்குளை விட்டுவிடாதீர்கள், மார்பின் சதை வால் மாதிரி அங்கே வரை நீண்டிருக்கிறது. கிள்ளிப் பார்த்தால் எல்லாம் கட்டியாகத்தான் தெரியும்.

கட்டி கீது, ஆனா உருண்டு உருண்டு ஓடுது, வலியும் இல்ல. அது நல்ல கட்டிதானே?

இளவயதில் கொண்டைக்கடலை மாதிரி வழுக்கி ஓடுவது பெரும்பாலும் சாதாரண நார்க்கட்டிதான். 35க்கு மேல் வரும் பலவற்றில் நீர்க்கட்டியும் உண்டு. மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் இல்லை. ஆனால் எது நல்ல கட்டி என்று விரலால் தீர்மானிக்க என்னாலும் முடியாது, உங்களாலும் முடியாது. டாக்டர்களே கையால் பார்த்து, ஸ்கேனோ மேமோகிராமோ எடுத்து, தேவையானால் ஊசிச் சோதனையும் செய்த பிறகுதான் சொல்கிறார்கள்.

என் பெரியம்மா சொன்னதை மேலே எழுதியிருக்கிறேன். புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. தீட்டு நின்ற பிறகு வரும் எந்தக் கட்டியையும் ஒரு வாரத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள்.

காம்புல இருந்து தண்ணியா வருது, பாடில கறை படுது.

எந்தப் பக்கம், என்ன நிறம், அமுக்கினால் மட்டுமா தானாகவா என்ற மூன்றையும் கவனியுங்கள். இரண்டு பக்கமும் அமுக்கினால் மட்டும் பால்போல வருவது பெரும்பாலும் பயப்பட வேண்டியதில்லை. தைராய்டு கோளாறாலும், வாந்திக்கோ மனநோய்க்கோ சாப்பிடும் சில மாத்திரைகளாலும் வரலாம், மருந்துச்சீட்டோடு போய்க் கேளுங்கள். ஒரே பக்கம், அமுக்காமலே, ரத்தமாகவோ கண்ணாடி போன்ற நீராகவோ வந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

ஒரு காம்பு மட்டும் அரிச்சு செதில் விடுது. ரெண்டு மாசமா சேத்துப்புண் மருந்து போடுறேன், ஆறல.

இரண்டு பக்கமும் அரித்தால் சோப்பு, துணி, கரப்பான் என்று யோசிக்கலாம். ஒரே காம்பில் செதிலும் புண்ணுமாக ஆறாமல் இருந்தால், மருந்து மாற்றிப் பார்ப்பதை நிறுத்திவிட்டுக் காட்டுங்கள். காம்பின் தோலில் தொடங்கும் ஒருவகைப் புற்றுநோய் படை மாதிரியே இருக்கும்.

எங்க வூட்டுல யாருக்கும் இந்த நோய் இல்ல. எனக்கு எப்படி வரும்?

வந்தவர்களில் பெரும்பாலானவர்களின் குடும்பத்தில் முன்பு யாருக்கும் இருந்ததில்லை. பெண்ணாக இருப்பதும் வயது கூடுவதும்தான் பெரிய காரணங்கள். அபூர்வமாக ஆண்களுக்கும் வரும். அம்மா, அக்கா தங்கை, அத்தை யாருக்காவது இளவயதில் வந்திருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். அப்பா வழியும் கணக்கு.

ஊசி குத்திப் பாத்தா பரவிடும்ங்கிறாங்களே?

பரவாது. "ஊசி போட்டதும் முத்திப்போச்சு" என்று சொல்லப்படும் கதைகளில், ஊசி போடும் முன்பே முற்றியிருந்ததுதான் நிஜம். ஊசிச் சோதனை இல்லாமல் என்ன வகை, எந்த மருந்து என்று முடிவு செய்யவே முடியாது. ஆரம்பத்திலேயே வந்தால் பலருக்கு மார்பை முழுதாக எடுக்காமல் கட்டியை மட்டும் எடுத்துக் கரண்ட் வைத்து, அதாவது கதிர்வீச்சு சிகிச்சை கொடுத்து, முடிக்கிறார்கள்.

எங்க போறது? ஆம்பள டாக்டரா இருந்தா?

முதலில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம். 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு அங்கே மார்பகத்தையும் கர்ப்பப்பை வாயையும் சோதிக்கும் ஏற்பாடு இருக்கிறது, காசு கிடையாது. அங்கிருந்து அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரிக்கோ, வாலாஜா பக்கத்தவர்கள் அங்குள்ள அரசு மருத்துவமனைக்கோ போகலாம். வேலூர் சி.எம்.சி.யை ஊரே அறியும். காஞ்சிபுரம் காரப்பேட்டையில் புற்றுநோய்க்கென்றே அறிஞர் அண்ணா பெயரில் அரசு மருத்துவமனை இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் வருடத்துக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் வரை கிடைக்கும், கையோடு கொண்டுபோங்கள்.

ஆண் டாக்டராக இருந்தால் நர்ஸ் ஒருவர் கூட நிற்கச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. முன்பக்கம் கொக்கி வைத்த ஜாக்கெட்டும் சேலையும் கட்டிப் போனால் சோதனைக்கு வசதி, புர்கா போடுகிறவர்கள் உள்ளே முன்பட்டன் சட்டை போட்டுக்கொள்ளலாம். 40 வயதைத் தாண்டியிருந்தால் மேமோகிராம் எப்போது எடுக்கலாம் என்று அங்கேயே கேளுங்கள். இரண்டு தட்டுக்கு நடுவே சில நொடி அழுத்தும், அவ்வளவுதான்.

ஒரு பக்கம் எடுத்துட்டாங்கக்கா. இனிமே ஜாக்கெட் போட முடியுமா?

முடியும். லைனிங்கில் அந்தப் பக்கம் ஒரு பை வைத்து, உள்ளே பஞ்சு மெத்தை வைத்துத் தருகிறேன். முதலில் தைத்ததில் ஒரு பிசகு நடந்தது. பஞ்சுக்குக் கனம் இல்லாததால் கையைத் தூக்கும்போதெல்லாம் அந்தப் பக்கம் மேலே ஏறியது. பிறகு மல் துணியில் ஒரு பிடி கேழ்வரகைக் குட்டிப் பொட்டலமாகத் தைத்து மெத்தையின் அடியில் வைத்தேன், ஜாக்கெட் இறங்கி நின்றது. துவைக்கும்போது பொட்டலத்தை எடுத்துவிட வேண்டும். காயம் முழுக்க ஆறி, டாக்டர் சரி என்ற பிறகே இதெல்லாம்.

அக்குளில் நெறி (நிணநீர் முடிச்சு) எடுத்திருந்தால் அந்தக் கையில் நீர் கோக்கலாம். ரத்த அழுத்தம் பார்ப்பதையும் ஊசி போடுவதையும் முடிந்தவரை மறுகையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்தக் கைக்கு வளையலோ கை முண்டாவோ இறுகக் கூடாது. ஆபரேஷன் முடிந்து ஒரு வருடம் கழித்து வந்த ஒருவருக்கு வழக்கப்படி முண்டாவை அளந்தேன். இடது கை 11½, பழைய நோட்டில் உள்ளபடியே இருந்தது. வலது கை 12¾. "ஜாக்கெட் அப்புறம் தைக்கலாம், மொதல்ல டாக்டர்கிட்ட இந்தக் கையைக் காட்டிட்டு வாங்கம்மா" என்று துணியை மடித்து அவர் கையிலேயே கொடுத்தேன். இப்போது கைக்கு அழுத்த உறை போடுகிறார். மாதத்துக்கு ஒருமுறை கடைக்கு வந்து இரண்டு கையையும் அளந்து, நோட்டில் எழுதிவிட்டுப் போகிறார்.